அயல்நாட்டுப் பட்டமும் முதல் பணியும்

கடல் கடந்து சென்று கற்பது பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும், எவ்வளவு பொருள் செலவாகும், எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவோர் தெருத்தோறும் உளர். ஆனால், பட்டம் பெற்ற மறுநாள் அம்மாணவர் என்ன செய்வார் என்று கேட்போர் சிலரே. அயல்நாட்டில் கற்று முடித்த மாணவர் அந்நாட்டிலேயே தம் முதல் வேலையைத் தேடிப் பெறுவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். எல்லா நாடுகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டால் எதனையும் தெளிவாகக் கூற இயலாது. ஆதலின், ஜெர்மனி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் பயிலும் அயல்நாட்டு மாணவருள் 2022-23ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவம் முதல் இந்தியரே தொகையால் முதலிடம் பெற்றுள்ளனர். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில், சில இடங்கள் நீங்கலாக, கல்விக் கட்டணம் இல்லாமையே இதற்கு ஒரு பெருங்காரணம். நமக்கும் அந்நாட்டுக்கும் உள்ள கல்வித் தொடர்பும் புதியதன்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு நிறுவப்பட்டதன்றோ?

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். முன்னாளில் ஜெர்மனியில் கற்ற அயல்நாட்டார் பட்டம் பெற்றதும் தாய்நாடு திரும்புவதே பொதுவிதியாக இருந்தது. 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம், வேலை தேடும் பொருட்டு ஓராண்டு தங்கலாம் என இடம் தந்தது. 2012-இல் அக்காலம் 18 மாதங்களாக உயர்த்தப்பட்டது. இன்றும் அதுவே விதி. படிப்பு முடிந்ததும், மாணவர்க்குரிய தங்கும் அனுமதி காலாவதியாகும் முன்னரே, அயல்நாட்டார் அலுவலகத்தில் இதற்கென விண்ணப்பிக்க வேண்டும். தம் செலவைத் தாமே தாங்க வல்லவர் என்றும் காட்ட வேண்டும். அந்த 18 மாதங்களில் எவ்வகை வேலையும் செய்து பொருளீட்டலாம். உணவு விடுதியில் பரிமாறலாம், கிடங்கில் பெட்டிகளை அடுக்கலாம். ஆனால், காலம் முடியுமுன் தகுதிக்குரிய வேலை ஒன்று கைக்கு வந்திருத்தல் வேண்டும். உயர்கல்வியோ முறையான தொழிற்பயிற்சியோ பெற்றவரே செய்யத்தக்க வேலையையே சட்டம் தகுதிக்குரிய வேலை என்கின்றது. அது கிடைக்கவில்லையாயின், இவ்வனுமதியை 18 மாதங்களுக்கு மேல் நீட்டிக்க வழியில்லை.

பதினெட்டு மாதம் என்றவுடன் அது நெடுங்காலம் போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு விண்ணப்பத்துக்கு மறுமொழி வரவே பல வாரங்கள் ஆகும். பின்னர் முதல் நேர்காணல், அதன்பின் இரண்டாம் நேர்காணல், சில இடங்களில் மூன்றாவதும் உண்டு. கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் காலத்திலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கும். இதற்கிடையே வாடகை நிற்பதில்லை. மருத்துவக் காப்பீட்டில் மாணவர்க்கு அளிக்கப்பட்ட சலுகைக் கட்டணம் படிப்போடு முடிந்து, கட்டணம் உயர்ந்துவிடும். ஊரிலோ வங்கிக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்; தந்தையார் நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்திருப்பார். இந்நிலையில் பட்டம் கையில் வந்த பிறகுதான் வேலை தேடத் தொடங்குவேன் என்பது, தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவதை ஒக்கும்.

சற்று வேலை தருபவர் நிலையில் நின்று பாருங்கள். நம் ஊரில் ஓர் இளைஞர் வேலை கேட்டு வருகின்றார் என்றால், முதலாளி அவருடைய கல்லூரியின் தரத்தை அறிவார். அவருக்குக் கற்பித்தவரை அறிந்திருக்கக் கூடும். இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று சொல்ல யாரேனும் ஒருவர் இருப்பார். அயல்நாட்டில் இவை ஒன்றும் இல்லை. எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு நம் மாணவரின் ஊர் தெரியாது. அவர் முதற்பட்டம் பெற்ற கல்லூரியின் பெயரை ஒலிக்கவும் வராது. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து பார்த்த பின்னரே ஒருவரை நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த அதிகாரி செய்ய விரும்புவதும் அதுவே. ஆராய்வதற்கு அவருக்கு நாம் என்ன அளிக்கின்றோம் என்பதுதான் வினா. மதிப்பெண் பட்டியல் ஓரளவு உதவும். 'இவர் வேலை செய்ததை நான் கண்ணால் கண்டேன்' என்று அந்நாட்டார் ஒருவர் சொல்வது அதனினும் பன்மடங்கு உதவும். முதல் வேலையின் திறவுகோல் இதுவே என்பது என் துணிபு.

அத்தகைய சான்றாளரைப் படிக்கும் காலத்திலேயே பெறுவதற்கு ஜெர்மனியில் மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, ஒரு நிறுவனத்தில் தம் பாடத்தோடு தொடர்புடைய பகுதிநேர வேலை. இவ்வாறு பணிபுரிவோரை 'வெர்க்ஷ்டூடென்ட்' என்பர். பணி செய்யும் மாணவர் என்பது பொருள். வகுப்புகள் நடைபெறும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை இவர்கள் பணியாற்றுவது வழக்கம். இரண்டாவது, பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருத்தல். மூன்றாவது, பட்டத்துக்குரிய இறுதி ஆய்வுரையை ஒரு தொழில் நிறுவனத்தில் இருந்து எழுதுதல். பொறியியல் மாணவரிடையே இது பெரிதும் வழக்கில் உள்ளது. நிறுவனம் தன் உண்மையான சிக்கல் ஒன்றைத் தருகின்றது. மாணவர் ஆறு மாத அளவில் அதனை ஆராய்கின்றார். பேராசிரியர் மேற்பார்வை செய்கின்றார். ஆய்வுரை முடியும்பொழுது அம்மாணவர் எத்தகையவர் என்பதை அந்நிறுவனம் நன்கு அறிந்துவிடுகின்றது. பணியிடம் ஒன்று காலியாக இருக்குமாயின், முன்பின் அறியாதவரைத் தேடி அவர்கள் ஏன் அலைய வேண்டும்?

இங்கே ஒரு தடை குறுக்கிடுகின்றது. மாணவராகச் செல்வோர் 2025-இல் மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வைப்பிலிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. முதலாண்டு அப்பணத்தில் கழிந்துவிடும். இரண்டாம் ஆண்டுக்குப் பணம் எங்கே? ஆதலால், கிடைத்த வேலையைச் செய்யத் தொடங்குகின்றனர். உணவுப் பொட்டலங்களை மிதிவண்டியில் கொண்டு செல்கின்றனர். இரவெல்லாம் கிடங்குகளில் நிற்கின்றனர். உழைத்துப் பிழைப்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால், அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு இத்தனை நாள்தான் வேலை செய்யலாம் எனச் சட்டம் வரையறுத்துள்ளது. 2024 மார்ச் முதல் அது 140 முழு நாள்கள், அல்லது 280 அரை நாள்கள். ஆய்வுக்கூட உதவியாளர் வேலையும், பாடத்திட்டத்தில் அடங்கிய கட்டாயப் பயிற்சியும் இக்கணக்கில் சேரா. மற்ற வேலையெல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். சட்டப்படியான குறைந்த கூலியும் எல்லாருக்கும் ஒன்றே. 2025-இல் அது மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90 யூரோ. பொட்டலம் சுமந்தாலும், கணிப்பொறியின் முன் அமர்ந்து வரைபடம் தீட்டினாலும், அந்த அளவுக்குக் குறையாமல் கூலி தர வேண்டும்.

ஆகவே, அந்த 140 நாள்களை உழவர் வீட்டு விதைநெல்லாகக் கருதுங்கள். பசி வந்தபொழுது விதைநெல்லில் ஒரு படி எடுத்துக் குத்தி உண்ண நேரலாம், அது குற்றமன்று. முழுவதையும் உண்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு வழியில்லை. முதற்பருவத்தில் கிடைத்த வேலையைச் செய்க; இரண்டாம் பருவத்திலிருந்தேனும் துறை சார்ந்த வேலைக்கு மாற முயல்க. அதற்குரிய விண்ணப்பங்களை முதற்பருவத்திலேயே எழுதத் தொடங்குக.

என்னிடம் பள்ளியில் பயின்ற ஒருவர் அங்கே இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். படித்த காலமெல்லாம் ஓர் அஞ்சற் கிடங்கில் இரவு வேலை பார்த்தார். வீட்டுக்குப் பணமும் அனுப்பினார். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. பட்டம் பெற்று ஏழு மாதங்கள் ஆகியும் எந்த விண்ணப்பமும் பலிக்கவில்லை. நேர்காணலுக்கு அழைத்த சிலரும், 'இந்நாட்டில் இதுவரை எந்தத் தொழிற்கூடத்தில் பணியாற்றினீர்?' என்றே கேட்டனராம். எட்டாம் மாதத்தில், ஒரு சிற்றூரில் நீரேற்றிகள் செய்யும் தொழிற்சாலையில் குறைந்த ஊதியத்துக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அவர் வேலையை மூன்று மாதம் கண்ட பின்னர் அங்கேயே நிலையான பணி அளித்தனர். அறிவு ஏழு மாதங்களாக அவரிடம் இருந்ததுதான். அதனைக் கண்டவர் ஒருவர் தேவைப்பட்டார்.

அடுத்தது மொழி. ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்பிக்கப்படும் முதுகலைப் படிப்புகள் ஜெர்மனியில் பல உள்ளன. ஜெர்மன் மொழி அறியாமலே பட்டம் பெற்றுவிடலாம் என்பதனால், நம்மவர் பலர் அம்மொழியைப் புறக்கணிக்கின்றனர். வகுப்பறையில் பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார். தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர் பேசமாட்டார். வாடிக்கையாளரின் கடிதம், பாதுகாப்பு விதிகள், நண்பகல் உணவின்போது நிகழும் உரையாடல் ஆகிய யாவும் ஜெர்மன் மொழியிலேயே அமையும். கணிப்பொறித் துறையில் ஆங்கிலம் மட்டும் கொண்டு காலந்தள்ளும் இடங்கள் உண்டு. பிற துறைகளில் அத்தகைய இடங்கள் அரியவை. ஐரோப்பிய மொழித்தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுத்துள்ளனர். அன்றாட வாழ்க்கைக்குப் பி1 போதும். அலுவலகத்தில் தயக்கமின்றிப் பணியாற்றப் பி2 வேண்டும். முதுகலைப் படிப்பு பெரும்பாலும் நான்கு பருவங்களே. பாடச்சுமையோடு அந்நான்கு பருவங்களில் அடிப்படையிலிருந்து பி2 வரை ஏறுவது கடினம். ஊரைவிட்டுப் புறப்படும் முன்னரே இரண்டு மூன்று படிகளைக் கடந்து செல்வோர்க்கு வழி எளிதாகும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இம்மொழியை முறையாகக் கற்பித்து வருகின்றது.

எங்கே தேடுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாணவர் பலரும் பெயர்பெற்ற நான்கைந்து ஊர்தி நிறுவனங்களையும், மியூனிக், பெர்லின் போன்ற பெருநகரங்களையுமே நாடுகின்றனர். ஜெர்மன் தொழில்வளத்தின் பெரும்பகுதி சிற்றூர்களில் இருக்கின்றது. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கும் மாபெரும் இயந்திரங்களைச் செய்யும் ஹெரன்க்னெக்ட் நிறுவனம் ஷ்வானாவு என்னும் சிற்றூரில் உள்ளது. 2016-இல் திறக்கப்பட்ட, 57 கிலோமீட்டர் நீளமுள்ள சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் சுரங்கப்பாதையின் பெரும்பகுதியைக் குடைந்தவை அதன் இயந்திரங்களே. அறுவடை இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கிளாஸ் நிறுவனம் ஹார்ஸெவின்கல் என்னும் ஊரில் உள்ளது. உலகெங்கும் அலுவலகங்கள் பயன்படுத்தும் மென்பொருளைத் தரும் சேப் நிறுவனம் வால்டோர்ஃப் என்னும் ஊரில் உள்ளது. இத்தகைய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தார் நடத்திவரும் நடுத்தர நிறுவனங்களும் பல. அவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. ஆதலால் அவற்றுக்கு வரும் அயல்நாட்டு விண்ணப்பங்களும் குறைவு. அரசின் வேலைவாய்ப்பு முகமை, பல்கலைக்கழகங்களில் உள்ள பணி வழிகாட்டும் அலுவலகங்கள், தொழிற்கண்காட்சிகள் ஆகியவற்றின் வாயிலாக இவற்றை அறியலாம்.

விண்ணப்பம் எழுதும் முறையும் நம் முறையினின்று வேறுபட்டது. வாழ்க்கைக் குறிப்பு, இந்த வேலையை ஏன் விரும்புகின்றேன் என விளக்கும் கடிதம், சான்றிதழ்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே செல்ல வேண்டும். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி நூறு இடங்களுக்கு அனுப்புவதைவிட, நிறுவனத்தின் தொழிலை அறிந்து பத்து இடங்களுக்குத் தனித்தனியே எழுதுவது பயன் தரும். சான்றிதழ்களுள் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒருவர் ஒரு வேலையைவிட்டு நீங்கும்பொழுது, அவர் செய்த பணியையும் நடந்துகொண்ட முறையையும் எழுதிச் சான்று தருமாறு கேட்கும் உரிமையைச் சட்டம் அவர்க்கு அளித்துள்ளது. பகுதிநேரப் பணி புரிந்த மாணவர்க்கும் இவ்வுரிமை உண்டு. சான்று உண்மையாக இருப்பதோடு, பணியாளரின் எதிர்காலத்தைக் கெடுக்காத நல்லெண்ணத்தோடும் எழுதப்பட வேண்டும் என்பது நீதிமன்றங்களின் தீர்ப்பு. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் முயற்சியில் விந்தையான ஒரு மொழிநடை பிறந்துவிட்டது. 'எமக்கு மனநிறைவு தருமாறு பணியாற்றினார்' என்று எழுதியிருந்தால் நாம் மகிழ்வோம். அங்கே அது தாழ்ந்த மதிப்பு. 'முழு மனநிறைவு' என்றால் நடுத்தரம். 'எப்பொழுதும் முழு மனநிறைவு' என்றால் நன்று. மிகச் சிறந்தவர்க்கு 'எப்பொழுதும் முழுமையினும் முழுமையான மனநிறைவு' என்று எழுதுவர். முழுமைக்குமேல் ஒரு முழுமை உண்டோ என்று இலக்கணம் கற்றவர் நகைக்கலாம்; வேலை தேடும் மாணவர் அச்சொற்களின் பொருளை அறிந்து, சான்றைப் பெறும்பொழுதே படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை கிடைத்த பின்னரும் சில செயல்கள் எஞ்சியுள்ளன. ஒப்பந்தத்தைக் காட்டித் தங்கும் அனுமதியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊதியம் ஒரு வரம்பைத் தாண்டினால் 'நீல அட்டை' என்னும் சிறப்பனுமதி கிடைக்கும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்க்கு அவ்வரம்பு 2025-இல் ஆண்டுக்கு 43,759.80 யூரோ; பொதுவாக மற்றவர்க்கு 48,300 யூரோ. இவ்வரம்பு ஆண்டுதோறும் மாறும். அதற்குக் குறைந்த ஊதியம் பெறும் பட்டதாரிக்கும் தகுதிப் பணியாளர்க்குரிய பொது அனுமதி உண்டு. முதல் ஆறு மாதம் வரை சோதனைக் காலமாக வைக்கலாம். அக்காலத்தில் இரு வார முன்னறிவிப்போடு இரு சாராரும் விலகிக்கொள்ளலாம். வேலை இடையில் நின்றுவிட்டால், அதனை இரண்டு வாரங்களுக்குள் அயல்நாட்டார் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது கடமை. ஜெர்மனியிலேயே பட்டம் பெற்றவர், தகுதிப் பணியாளர்க்குரிய அனுமதியோடு இரண்டாண்டு இருந்து, 24 மாத ஓய்வூதியச் சந்தாவும் செலுத்தி, பி1 அளவு மொழித்தேர்ச்சியும் பெற்றிருந்தால், ஏனைய விதிகளுக்குட்பட்டு நிரந்தரமாகத் தங்கும் உரிமையைக் கோரலாம்.

இவ்வளவும் செய்தும் வேலை கிடைக்காமற்போகுமா எனில், போகலாம். தொழில் மந்தமாகும் காலங்கள் உண்டு. அவை மாணவரின் கையில் இல்லை. அத்தகையவர் தாய்நாடு திரும்புவது தோல்வியாகாது. அவர் கற்ற கல்வி அவரோடு வருகின்றது. ஜெர்மன் நிறுவனங்கள் பல நம் நாட்டிலும் தொழில் நடத்துகின்றன. பெற்றோர் இதனை நன்கு உணர வேண்டும். 'பட்டம் முடிந்ததும் வேலை உறுதி' என்று இடைத்தரகர் எவரேனும் கூறினால், அதனை நம்பி நிலத்தை ஈடு வைத்தல் ஆகாது. அயல்நாட்டு முதலாளி நாளை யாரை ஏற்பார் என்பதை இங்கிருப்பவர் உறுதி கூற வல்லரல்லர். சட்டம் தருவது 18 மாதத் தவணை ஒன்றே. கடன் வாங்கும்பொழுது, வேலை கிடைக்காவிடினும் அதனைத் திருப்பித் தர இயலுமா என்று கணக்கிட்டு அவ்வளவே வாங்குதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் இன்னும் பள்ளியிறுதி வகுப்பில் இருப்பீர்கள். சிலர் கல்லூரியில் இருப்பீர்கள். அயல்நாடு செல்லும் எண்ணம் உங்களுக்கு இருக்குமாயின், மூன்றினை இப்பொழுதே தொடங்கலாம். அந்நாட்டு மொழியின் முதற்படியில் கால் வையுங்கள். உங்கள் துறையில் கையால் செய்து காட்டத்தக்க ஒரு வேலையையேனும் நன்றாகப் பழகுங்கள். நீங்கள் செய்ததை முறையாக எழுதி வைக்கும் வழக்கத்தை மேற்கொள்ளுங்கள். அங்கே சென்றபின், முதற்பருவத்திலேயே உங்கள் உழைப்பை நேரில் காணக்கூடிய ஓர் ஆசிரியரையோ ஒரு நிறுவனத்தையோ நாடுங்கள். அறிமுகமில்லாத ஊரில் உங்களுக்காகப் பேச உறவினர் எவரும் இரார். நீங்கள் செய்த வேலையும் அதனைக் கண்டவருமே உங்களுக்காகப் பேசுவர்.